ஆறாவது படி

சாமி,

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குத் தாளும் பேனாவும் என்று நீ கேட்பாய். நம் வீட்டுச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும். அடுப்படியில் நான் தும்மினால் வாசலில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா 'சேசுவே' என்பார். அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. விழாவிட்டாலும் அதை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்து, ஏற்காட்டுக்கே வாயாடி என்று பேர் வாங்கியவள், இந்த ஒன்றை மட்டும் பதினெட்டு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நீ உன் அப்பாவோடு பேசி ஐந்து வருஷமாகிறது. அதற்கு நீ ஒரு காரணம் வைத்திருக்கிறாய். அந்தக் காரணம் தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நடுவில் என்மேல் கோபம் வந்தால் தாளைக் கீழே வைத்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. ஆனால் முழுக்கப் படித்துவிடு, கண்ணு.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூசை முடிந்து வந்து சோறு வடித்து, உன் அப்பாவுக்கு இலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் நீ அனுப்பிய குரல் பதிவு வந்தது. உன் குரலில் அப்படியொரு சந்தோஷம். இத்தாலிக்குப் போன நாள் முதலாய் உன் கம்பெனி பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் அந்த ரோமாபுரி காலத்து ஆம்பிதியேட்டரில், சுற்றிலும் படி வைத்த அந்த வட்ட அரங்கில், கோடைக் கச்சேரிக்கு ஒரு பக்கம் மரத்தால் படிகள் போட வேண்டும், அந்தப் பொறுப்பு உன்னுடையது, முதன்முதலாக உன் கையெழுத்தில் ஒரு வேலை என்றாய். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா, ஒரு கதை கேளுங்க. அந்தக் காலத்துல ரோமுக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல, அடிமையா இருந்து விடுதலையான ஒருத்தன் முழுக்க மரத்துலயே ஆம்பிதியேட்டர் கட்டியிருக்கான். கெட்டி மண்ணு வரைக்கும் தோண்டல. மரத்த ஒழுங்கா பூட்டல. சனம் ஏறி உக்காந்ததும் மொத்தமும் சரிஞ்சுருச்சு. ஆயிரக்கணக்குல செத்துப்போனாங்க. நம்ம ஊட்டு மேஸ்திரியாட்டமே ஒருத்தன் அங்கயும் இருந்திருக்கான் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாய்.

நீ அவரை அப்பா என்று சொல்லி எத்தனை காலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் அப்பா உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். "என்னங்க, கறி சரியில்லீங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "வயிறு ஒருமாதிரி இருக்குது புள்ள" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கரடியூர் ரோட்டில் நடந்து போய்விட்டார். சாயங்காலம் பனி இறங்கிய பிறகுதான் திரும்பினார். அன்றைக்கே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். பண்ணிவிட்டு மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சின்னத் திருட்டை ஒத்துக்கொள்கிறேன். நீ அனுப்புவதையெல்லாம் நான் மட்டும் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்து அடுப்படி ஜன்னலில் சாத்தி வைப்பேன். உன் அப்பா அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து மிளகு ஆய்வார். வருஷத்தில் எல்லா ஞாயிறும் ஆய்வதற்கு நம்மிடம் மிளகு ஏது? வெறும் முறத்தை வைத்துக்கொண்டாவது உட்கார்ந்திருப்பார். நீ பேசி முடித்ததும், காற்றைப் பார்த்துப் பேசுவதுபோல் ஒரு கேள்வி வரும். "அந்த வளைவுல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவால சுண்ணாம்பு வெச்சிருக்கானா, சும்மா அடுக்குனதா?" நான் அதையே என் கேள்வியாக்கி உனக்கு அனுப்புவேன். சும்மா அடுக்கியதுதான், நடுக்கல் இறுக்கிப் பிடிக்கிறது, பாரமே அதைக் கட்டி வைத்திருக்கிறது என்று நீ பதில் சொன்னாய். "அத்தாம் பெரிய கிண்ணமாட்டம் இருக்குதே, மழ பேஞ்சா தண்ணி எங்க போகுமாம்?" என்று அடுத்த வாரம். நீ பூமிக்கடியில் இறங்கிப் பார்த்து, அந்தக் காலத்துக் கல் கால்வாய் இன்னும் தண்ணீர் போகும்படி இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னாய். "அம்மா, நீங்க இஞ்சினியரா ஆயிருக்கோணும், எங்க சீஃபுக்குக்கூட இந்தக் கேள்வி தோணல" என்று பாராட்டினாய். நான் வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை, சாமி. எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், கால்வாயைப் பற்றி என்ன தெரியும்?

உன் புண்ணியத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ரோமாபுரி அத்துப்படி. ஆரம்பத்தில் ஊர்ச் சதுக்கத்தில் தற்காலிகமாக மரப்படிகள் போட்டுத்தான் சண்டை காட்டினார்கள், பிறகுதான் கல்லுக்கு மாறினார்கள் என்றாய். அரைவட்ட நாடகக் கொட்டகை இரண்டை எதிரெதிரே ஒட்டினால் எப்படியோ அப்படி, எங்கே உட்கார்ந்தாலும் நடுக்களம் தெரியும். களத்தில் மணல் பரப்பியிருக்கும், ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ள. காலையில் மிருகங்கள், மதியம் தண்டனைக் கைதிகள், அதற்குப் பிறகு வாள் சண்டைக்காரர்கள். சண்டை போட்டவர்களில் பாதிக்குமேல் அடிமைகளும் போர்க் கைதிகளும்தான் என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஜனங்கள் அதை ரசித்தார்களா என்று கேட்டேன். அது என் சொந்தக் கேள்வி. ரசித்தார்கள், ஆனால் அதற்கு மட்டும் போகவில்லை என்றாய். பெரிய மனிதர்கள் பேர் வாங்குவதற்காக இலவசமாக நடத்துவார்கள். சக்கரவர்த்தியே வந்து உட்கார்ந்தாக வேண்டும். தானியம் கிடைக்கவில்லை, வரி தாங்கவில்லை என்று சாதாரண ஜனம் அவர் முகத்துக்கு நேராகக் கூட்டமாய்க் கத்த முடிந்த இடம் அது என்றாய். ஜன்னலுக்கு வெளியே உன் அப்பா, "அப்ப அவங்களுக்கு அதுதான் ஓட்டுப்பொட்டி" என்றார்.

ஆட்டம் பாட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஏழைபாழைகள் அந்த வளைவுகளுக்குள் குடியேறி, அடுப்புப் பற்றவைத்து, கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள் என்று நீ சொன்னதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. அத்தனை ரத்தம் சிந்திய இடத்தில் யாரோ ஒருத்தி குழந்தைத் துணியைக் காயப்போட்டிருப்பாள் அல்லவா.

இன்னொரு நாள், இடம் ஒதுக்குவது எப்படி என்று சொன்னாய். களத்தை ஒட்டின முதல் வரிசை ஆட்சிச் சபைப் பெரியவர்களுக்கு. அதற்கு மேலே பணக்காரக் குதிரைவீரர்கள். அதற்கு மேலே ஊர்க் குடிமக்கள். ஆக உச்சியில், வெயிலும் காற்றும் அடிக்கிற இடத்தில், மரப்பலகை போட்ட படிகளில் பெண்கள். கோயில் கன்னியர் சிலருக்கு மட்டும் கீழே மரியாதையான இடம், மற்ற பெண்களுக்கெல்லாம் உச்சிதான் என்றாய். நீ இதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னாய். நான் ஃபோனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். உன் அப்பாவும் அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவுதான் வந்திருக்கும், எங்களுக்குள் நாங்கள் ஒருநாளும் பேசாத அந்த மாட்டுப் பொங்கல்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நம் ஊர் எருதாட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்துக்குக் கீழே இருக்கிற மைதானத்தில், கயிற்றில் பிடித்த காளைக்கு முன்னால் துணிப் பொம்மையை ஆட்டிக் காட்டி, அது சீறிப் பாய, இளவட்டங்கள் விலகி ஓட, ஒரே கூச்சல். முன்னால் மேடை போட்டு எஸ்டேட் ஓனர் குடும்பத்துக்கும் மானேஜருக்கும் ரைட்டருக்கும் நாற்காலி. அடுத்தாற்போல் கடைக்காரர்களுக்கும் டிரைவர்களுக்கும் பெஞ்சு. அதற்குப் பின்னால் ஆம்பிளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்களுக்கும் பின்னால் நாங்கள். காப்பிப் பழம் பறித்துக் கை காய்த்துப்போன பெண்கள், அந்த ஒரு நாள் லீவில் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, ஆம்பிளைகளின் முதுகைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எந்த மாடு என்ன செய்தது என்று புருஷன் சொல்லித்தான் தெரியும். அவனும் தண்ணியைப் போட்டுவிட்டு வந்து பொய்யும் புளுகுமாகச் சொல்வான்.

அந்த வருஷம் பெண்களுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று மானேஜரிடம் போய் நின்றோம். காப்பிச் செடிக்கு நிழல் குறைப்பதற்காக வெட்டிப்போட்ட சில்வர் ஓக் மரங்கள் கிடந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உன் அப்பா அதைக் கொண்டு ஐந்து படி கேலரி கட்டினார். அந்த இடம் வருஷக்கணக்காய் இலை விழுந்து மக்கிய கறுப்பு மண். கையை வைத்து அமுக்கினால் உள்ளே போகும். அவர் ஒவ்வொரு காலுக்கும் இடுப்பளவு தோண்டி, கீழே செம்மண் தட்டுப்பட்ட பிறகுதான் மரத்தை நட்டார். நான் பார்த்தேன், சாமி. என் கண்ணால் பார்த்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் வேலை முடிந்தது என்று நாங்கள் ஐந்தாறு பேர் ஏறிப் பார்த்தோம். ஐந்தாவது படியில் உட்கார்ந்தாலும் முன்னால் நிற்கப்போகிற ஆம்பிளைகளின் தலைப்பாகை மறைக்கும் என்று தோன்றியது. நான் இறங்கி வந்து, "ஏனுங்க, இன்னும் ஒரு படி போடுங்க" என்றேன். "அதுக்குப் பின்னால ஒரு வரிசைக் காலு நடோணும் புள்ள. அங்க மேடு சரியிது. தோண்டறதுக்கு இனி நேரமில்ல. வேண்டாம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவரிடம் வேலை செய்யும் நாலு ஆள்களும் எங்கள் பெண்களும் நிற்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டேன்: "ஓனரு ஊட்டு நாற்காலிக்கு மேட போட மட்டும் நேரம் இருக்குதுங்களா? நாங்க ஒரு வருசமாச்சும் மாட்டோட கொம்பக் கண்ணுல பாக்கோணும்னா மண்ணு சரியில்லீங்களா? நீங்க மேஸ்திரியா, இல்ல அவிய ஊட்டு வேலைக்காரரா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? உன் அப்பாவின் முகம் சிவந்துபோனது. மரத்தை எடுத்தார். தோண்ட நேரமில்லாததால் அந்தக் கடைசி வரிசைக் கால்களை மட்டும் பட்டைக் கல் மேல் நிறுத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பொழுது சாயும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறாவது படியில நாலஞ்சு பேருக்கு மேல ஏத்தாத. நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன்.

மறுநாள் நானே முதல் ஆளாக ஆறாவது படியில் ஏறினேன். அங்கிருந்து பார்த்ததை நான் எப்படிச் சொல்வேன்! கீழே ஆம்பிளைகளின் தலையெல்லாம் சிறுத்துப்போய், அதற்கும் அப்பால் மைதானம் முழுசாக, காளை, கயிறு, சிவப்புத் துணிப் பொம்மை, அது திரும்பும் திசை, அடுத்து அது என்ன செய்யும் என்பது எல்லாமே முன்கூட்டியே தெரிகிறது. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். கத்த ஆரம்பித்ததும் கீழே நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பி எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பத்து நிமிஷத்துக்காக என் மனசு ஏங்குகிறது என்று சொன்னால் பாவம்தான், ஆனால் உண்மை அதுதான். அந்த வெறியில் உன் அப்பா சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. "இங்க வாங்க, இங்க நல்லாத் தெரியுது" என்று கீழ்ப்படியில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுச் செல்வியைக் கையைப் பிடித்துத் தூக்கி என் பக்கத்தில் உட்கார வைத்தேன். இருபது பேருக்குமேல் ஏறியிருப்போம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதி. பின்வரிசைக் கால் கல்லை விட்டு வழுக்குவதைப் பார்த்ததும் உன் அப்பாவும் இரண்டு ஆள்களும் கேலரிக்கு அடியில் நுழைந்து தோளைக் கொடுத்தார்கள். அதனால்தான் அது சடாரென்று விழாமல் மெதுவாகச் சாய்ந்தது. அதனால்தான் ஒரு உயிரும் போகவில்லை. செல்விக்குத் தொடை எலும்பு முறிந்தது. நான் இரண்டு சிராய்ப்போடு எழுந்தேன். மரங்களுக்கு அடியிலிருந்து உன் அப்பா தவழ்ந்து வெளியே வந்தபோது, ஒளிந்துகொண்டிருந்தான் என்று யாரோ கத்தினார்கள். செல்வியின் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தான். உன் அப்பா கையைக்கூடத் தூக்கவில்லை. நீ கூட்டத்துக்கு நடுவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே நாலு அடி முன்னால் வந்து, "அவர அடிக்காதீங்க, நான் சொல்லித்தான் அந்தப் படியப் போட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயாடிக்கு அன்றைக்கு வாய் அடைத்துப்போனது.

பள்ளிக்கூடத்தில் உனக்கு 'சாஞ்ச மேஸ்திரி மவன்' என்று பேர் வைத்தார்கள். பஸ்ஸில், கடையில், பீஸ் கட்டச் சேலத்துக்குப் போகும்போதுகூட அது உன் பின்னாலேயே வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்ல வந்தவர்களைப் பார்த்து நீ கதவைச் சாத்திக்கொண்டாய். பிளஸ் டூ முடித்த அன்று, "நான் சிவில்தான் படிப்பேன், நான் கட்டுனா சாயாது" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாய். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். முதலில் பயம். பிறகு, எப்படிச் சொல்வேன், நீ அவரை வெறுக்க வெறுக்க என் மடியில்தான் வந்து விழுந்தாய். அம்மா மட்டும்தான் நல்லவள் என்று நீ நினைத்தது எனக்குச் சுகமாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை வைத்துக்கொண்டு உன் பாசத்தையும் நானே அனுபவித்தேன்.

நீ இத்தாலிக்குப் புறப்பட்ட அன்று, அடிவாரம் வரைக்குமாவது வருகிறேன் என்று அவர் உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க எறங்கிக்கோங்க, அம்மா வந்தாப் போதும்" என்றாய். அவர் பையை உன் சீட்டுக்கு அடியில் நேராக வைத்துவிட்டு இறங்கினார். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மலைப்பாதைக்குக் குமட்டுகிறது என்று நினைத்து நீ எலுமிச்சம்பழத்தை நீட்டினாய். அப்போதும் சொல்லாமல் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்தேன். இந்த ஐந்து வருஷத்தில் நீ ஒரு முறையும் வரவில்லை. லீவு இல்லை என்கிறாய். லீவு இருந்திருக்கும், சாமி. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கப்போகிற ஆளைப் பார்க்கத்தான் உனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆள் ஒவ்வொரு டிசம்பரிலும் உன் அறைக்கு வெள்ளையடித்து வைக்கிறார். எதற்குங்க என்று கேட்டால், "பாசி புடிக்குது" என்கிறார்.

அந்த மர ஆம்பிதியேட்டர் சரிந்த பிறகு, மண்ணைச் சோதிக்காமல் யாரும் அப்படிக் கட்டக்கூடாது என்று ரோமாபுரியில் உத்தரவே போட்டார்கள் என்றாய் அல்லவா? இங்கே உன் அப்பாவுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மனுஷர் ஏறி நிற்கிற எதையும் அவர் கட்டவில்லை. தோட்டத்துக்குத் தடுப்புச் சுவர், கால்வாய், மாட்டுக் கொட்டகை, அவ்வளவுதான். மாரமங்கலத்தில் பள்ளிக்கூட மாடி வேலை தேடி வந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அந்த ரோமாபுரிக்காரனை நினைத்துக்கொள்கிறேன். அவன் பேராசையில்தான் கட்டினானோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஜனம் ஆட்டம் பார்க்க ஏங்கிக்கிடந்து முண்டியடித்துக்கொண்டு ஏறியது என்று நீதானே சொன்னாய். அவர்களில் யாராவது ஒருத்தி, இன்னும் ஒரு படி போடு என்று அவனிடம் கேட்டிருப்பாளோ? கட்டினவனைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறுங்கள் என்று கூப்பிட்டவளை யார் எழுதப்போகிறார்கள்?

புதன்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு செல்வியைப் பார்க்கப் போனேன். அவள் இப்போது ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறாள். கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பாள். கூட்டம் குறையும்வரை நின்று, "செல்வி, அந்த ஆறாவது படியப் போடச் சொன்னது நாந்தான். உன்னைய மேல ஏத்துனதும் நாந்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏனுங்கக்கா, அது எனக்குத் தெரியாதுங்களா? நானும் அங்கதான நின்னேன்? நீங்க கேட்டாப் போடுவாரு, கேளுங்கன்னு உங்க முந்தானையப் புடிச்சு இழுத்ததே நாந்தானுங்க" என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. "அப்புறம் ஏன் யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன். "மேஸ்திரிதாங்க வேண்டாம்னாரு. ஆஸ்பத்திரியில கட்டலு பக்கத்துல வந்து நின்னு, 'டீச்சரு கேட்டதப் பத்தி வாயத் தொறந்துராத தங்கச்சி, உங்கண்ணங்கிட்டகூடச் சொல்லீராத'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. ஏனுங்கண்ணான்னு கேட்டேன். சொல்லலீங்க" என்றாள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் அவரோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அறை வாங்கினதற்கு ஒரு முறையாவது, ஒரு சண்டையிலாவது, 'உன்னாலதான்டி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லையே, சாமி.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அம்மா ஆயிற்றே, சும்மா இருக்க முடியவில்லை. நீ போடப்போகிற படிகளுக்குக் கையெழுத்துப் போடுமுன், யாராவது வந்து இன்னும் ஒரு வரிசை கேட்பார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்க மாட்டார்கள். நியாயமாகவே கேட்பார்கள். நாங்கள் கேட்டதும் நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நியாயம் என்பதற்காக மண் தாங்கிவிடாது. நாலு பேர் முன்னால் உன்னைக் கேலி பண்ணினாலும் முடியாது என்று சொல். உன் அப்பாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய தப்பு அவ்வளவுதான். பெண்டாட்டி முகத்துக்காகச் செய்த தப்பு. அதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு வருஷம் மகனில்லாமல் இருக்க வேண்டுமா?

இதுவரைக்கும் வியாழக்கிழமை எழுதி முடித்து, தையல் மிஷினுக்கு அடியில் இருக்கிற இழுப்பறையில் வைத்திருந்தேன். இன்று காலை கடைக்குப் போய்விட்டு வந்தால், உன் அப்பா மேஜைமேல் இந்தத் தாள்களைப் பரப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பொத்தான் தைக்க நூல் தேடினாராம். எனக்குப் பை கையிலிருந்து நழுவி, வெங்காயம் வீடெல்லாம் உருண்டது. அவர் நிமிரவில்லை. கடைசித் தாள்வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "செல்வி வாய உட்டுட்டாளா" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கற. அந்த ஆறாவது படிச் சமாச்சாரத்த மட்டும் அடிச்சுரு புள்ள" என்றார்.

"அது இல்லாம இந்தக் கடுதாசி எதுக்குங்க?" என்று கத்தினேன். "யாருக்காவ இன்னும் மறைக்கோணும்? அன்னிக்கு அவளக் கும்புட்டு வாய மூடச் சொன்னீங்களாமே, எதுக்குங்க?"

அவர் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். என்னைப் பார்க்காமலேதான் சொன்னார். "பன்னண்டு வயசுப் பையன். அப்பன்மேல நம்பிக்க போச்சு, அது போயிருச்சு. அம்மா மேலயும் போச்சுன்னா அவன் யாருகிட்டப் போவான்? இன்னிக்கும் அதே கததான். எங்கிட்டப் பேசறதில்ல, செரி. உங்கிட்டயாச்சும் பேசறான். உம்மேலயும் கோவிச்சுட்டான்னா இந்த ஊட்டுக்குள்ள அவன் சத்தமே கேக்காதே, புள்ள."

நான் ஒரு வரியும் அடிக்கவில்லை, சாமி. அப்படியே அனுப்புகிறேன்.

உன் அம்மா